ஏழாம் பாகத்துக் கதவு

அத்தியாயம் நான்கு

“திருடி கிடைச்சாச்சு. திருட்டுப் பொருள்தான் கிடைக்கல” என்றார் முதலாளி. கல்யாணம் முடிந்துவிட்டது, மாப்பிள்ளையைத்தான் காணோம் என்பது போல இருந்தது அவர் சொன்ன விதம்.

அவருக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். தொலைந்த பொருளையும் தொலைந்த ஆளையும் கண்டுபிடித்துத் தருவது அவள் தொழில். அடுத்ததில் அவள் கணவரின் தம்பி. ஆபீஸ் பலகையில் அவன் ‘உதவியாளர்’, வீட்டில் கொழுந்தன், வாயைத் திறந்தால் இரண்டு இடத்திலும் வம்பு. கணவர் என்று ஒருவர் வீட்டில் இருக்கிறார். அவரைத் தேடித் தர வேண்டிய அவசியம் மட்டும் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

அறையின் சுவர் முழுக்க ஒரே மாளிகையின் படம், ஆறு தடவை. முதல் படத்தில் மாளிகை. இரண்டாவதில் மழையில் மாளிகை. மூன்றாவதில் பனியில் மாளிகை. நான்காவது, மாளிகை கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் நடந்த கதை. ஆனாலும் படத்தில் மாளிகை இருந்தது. ஐந்தாவதில் முதல் மாளிகைக்கே வெள்ளையடித்து ‘புதுப் பொலிவுடன்’ என்று போட்டிருந்தார்கள். ஆறாவதில் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம் என்பதால் மாளிகைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். அரைத்த மாவையே அரைப்பது லேசான வேலையல்ல; அரைக்கிற சத்தம் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்க வேண்டும். அந்தக் கலையில் ‘சாம்பல் மாளிகை’ வீடியோ கேமை மிஞ்ச ஆளில்லை.

“ஆறும் வாங்கியிருக்கேன் சார். ஏழாவதுக்கு முன்பதிவும் பண்ணிட்டேன்” என்றான் கொழுந்தன்.

“முகத்தைப் பார்த்தாலே தெரியுதே தம்பி” என்றார் முதலாளி, நல்ல கறவை மாட்டைப் பார்க்கிற அன்போடு.

அண்ணி படங்களை ஒரு சுற்று பார்த்து முடித்தாள். “ஒரே வீட்டை எப்படி சார் ஆறு தடவை விக்கிறீங்க? வீட்டு புரோக்கர் ரெண்டு தடவை வித்தாலே உள்ளே தள்ளிடுவாங்களே.”

முதலாளி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தொழில் ரகசியத்தைச் சொல்லச் சொன்னால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். “ஒரு பாகத்துல சேர்த்த சாவி அடுத்த பாகத்துல செல்லும்மா. நடுவுல ஒண்ணை விட்டா சாவி குறையும். எவன் விடுவான்? புதுசு வர்றதுக்கு முந்தின வாரம் பழசையெல்லாம் பாதி விலைக்குத் தள்ளிடுவோம். புது ஆள் அதுல நுழைவான், நுழைஞ்சவன் வெளியே போக மாட்டான். நாலாம் பாகத்துல ஹீரோவைக் கொன்னோம். ஊரே அழுதுச்சு. ஆறாம் பாகத்துல அவனுக்கு ஒரு இரட்டைப் பிறவி இருந்ததா சொன்னோம். ஊரே அழுதுக்கிட்டே வாங்கிச்சு. ஆனா இதெல்லாம் சைடு டிஷ். மெயின் வந்து கதவு.”

“கதவு” என்றான் கொழுந்தனும், தாழ்ந்த குரலில்.

மாளிகையின் மாடிப்படிக்குக் கீழே ஒரு நீலக் கதவு இருக்கிறது. ஆறு பாகத்திலும் அது பூட்டியே கிடக்கிறது. எந்தச் சாவியும் சேராது. உள்ளே என்ன என்று சண்டை போட்டுப் பிரிந்த தம்பதிகள் உண்டு. அந்தச் சண்டையிலேயே சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. அவர்கள் பிறகு வேறு காரணத்துக்காகப் பிரிந்தார்கள். கொழுந்தன் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான். கொத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நீலக் கதவு தொங்கியது. ஆறாம் பாகத்தோடு இலவசமாகக் கொடுத்தது. பிடியை இழுத்தால் பொம்மைக் கதவு திறக்கும். உள்ளே ‘விரைவில்’ என்று எழுதியிருக்கும்.

“ஏழாம் பாகத்துல அது நிஜமாவே திறக்குதுன்னு விளம்பரம் பண்ணிட்டோம்” என்றார் முதலாளி. “உள்ளே இருக்கிற அறை எப்படி, அதுல என்ன, எல்லாம் எங்க கதாசிரியர்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. ஒரே ஒரு பென் டிரைவ். அவர் ரூம்ல, இரும்பு அலமாரியில. எனக்கே தெரியாது. ‘எனக்கு வாய் நிக்காது, என்கிட்டயும் சொல்லிடாதீங்க’ன்னு நானே உத்தரவு போட்டவன். இன்னிக்குக் காலையில பார்த்தா அலமாரி காலி. நேத்து அவர் கிளம்பின பிறகு அந்த ரூமுக்குள்ள போய் வந்தது ஒரே ஒரு ஆள்தான்னு வராண்டா கேமரா சொல்லுது. எங்க டெஸ்டர் பொண்ணு.”

“அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?”

“எடுக்கலைங்குது. எந்தத் திருடி எடுத்தேன்னு சொல்லியிருக்கா? சாயங்காலம் கீழே ஹால்ல பத்திரிகைக்காரங்க, ரசிகர்கள் எல்லாம் வர்றாங்க. அதுக்குள்ள பென் டிரைவ் கிடைச்சா நல்லது. கிடைக்கலைன்னா எல்லார் முன்னாடியும் திருட்டுப் போச்சுன்னு சொல்லிட்டு அவளை போலீஸ்ல ஒப்படைச்சுடுவேன்.”

சொல்லிவிட்டு போனை எடுத்துப் பார்த்தார். திருட்டுச் சேதி காலையிலேயே கசிந்துவிட்டது. ஊரெல்லாம் அதே பேச்சு. போனைப் பார்த்த அவர் முகத்தில் ஒரு புன்னகை எட்டிப் பார்த்தது. பறிகொடுத்தவர் முகத்தில் அதற்கு என்ன வேலை என்று அண்ணி யோசித்ததைக் கொழுந்தன் கவனித்தான்.

*

மீட்டிங் அறை வாசலில் ஒரு காவலாளி. உள்ளே நீள மேஜையின் ஓரத்தில் டெஸ்டர் பெண். முப்பது வயதிருக்கும். விற்பனைக்குப் போகுமுன் விளையாட்டை நூறு விதமாக ஆடி, எங்கே கோளாறு இருக்கிறது என்று சொல்வது அவள் வேலை. அழுது முடித்துவிட்டு இப்போது கோபத்தில் இருந்தாள்.

“நேத்து கதாசிரியருக்குப் பிறந்தநாள். எல்லாருமா கேக் வெட்டினோம். அவர் சீக்கிரமே கிளம்பிட்டார்னு அவர் பங்கைத் தட்டுல வெச்சு அவர் மேஜையில கொண்டுபோய் வெச்சேன். அவ்வளவுதாங்க. கேக் வெச்சவ திருடியாம்.”

“அலமாரியைத் தொட்டீங்களா?” என்று கேட்டாள் அண்ணி.

“அங்கே அலமாரி இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியும்.”

“சாக்லேட் கேக்கா?” என்றான் கொழுந்தன்.

“அது எதுக்கு இப்போ?”

“சும்மா. கேஸ்ல ஒரு நல்ல விஷயமாவது இருக்கட்டுமேன்னு கேட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை. “என் பொண்ணு எதிர்த்தாப்புல இருக்கிற ஸ்கூல்லதான் படிக்கிறா. சாயங்காலம் நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும். போலீஸ் வண்டி வந்தா அவ வகுப்பு ஜன்னல்லேருந்தே தெரியும். இந்தத் தொழில்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுங்க. ஒரு தடவை திருடின்னு பேரு விழுந்தா எந்தக் கம்பெனியும் என்னை வாசப்படியில கூட நிக்க விடாது. நான் வேற எந்த வேலைக்குப் போவேன்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தப்பு கண்டுபிடிக்கிறது ஒண்ணுதான்.”

“எங்க அம்மாவுக்கும் அதே தகுதிதான்” என்றான் கொழுந்தன். அண்ணி அவன் காலை மிதித்தாள். ஆனால் வாசலுக்கு வந்ததும் அவன் கேலியை மூட்டை கட்டிவிட்டான்.

“அண்ணி, இவங்க எடுக்கல.”

“எப்படிச் சொல்றே?”

“எடுத்திருந்தா இந்நேரம் கதவுக்குப் பின்னால என்னன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். அந்த ரகசியத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தரால ஒரு ராத்திரி சும்மா இருக்க முடியுமா?”

“ஒருத்தர் அத்தனை வருஷம் சும்மா இருந்திருக்காரே” என்றாள் அண்ணி. “வா, அந்த மகானைப் பார்ப்போம்.”

*

மகான் தாடி வைத்திருந்தார். மேஜைமேல் ஆறிப்போன தேநீர்க் கோப்பைகள். நடுவில் நேற்றைய கேக், ஒரு கடி கடித்தபடி. திருட்டுப் போன துக்கத்திலும் ஒரு கடி இறங்கியிருக்கிறது. இரும்பு அலமாரி திறந்து கிடந்தது. பூட்டில் ஒரு கீறல் கூட இல்லை.

“சாவி?”

“என் சட்டைப் பையில. எப்பவும்” என்றார் கதாசிரியர், களைத்த குரலில்.

“அப்போ பொண்ணு உங்க சட்டைப் பைக்குள்ளயும் கை விட்டிருக்கணும்.”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். “அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. போச்சு. அவ்வளவுதான்.”

“இன்னொரு நகல் எடுத்து வைக்கலையா?”

“ரகசியத்துக்கு நகல் எடுத்தா அது ரகசியமில்ல, நோட்டீஸ்.”

நல்ல பதில்தான். இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியதற்கு இப்படி நாலு வசனமாவது கையில் இல்லாமல் இருக்குமா என்று நினைத்தான் கொழுந்தன். அவனுக்கு அந்த ஆள்மேல் பக்தி. முதல் பாகம் வந்த நாளிலிருந்து இந்த மண்டைக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அவன் காத்திருக்கிறான்.

“சார், எழுதினது நீங்கதானே? பென் டிரைவ்தானே போச்சு, மூளை போகலையே? திரும்ப உட்கார்ந்து எழுதிடலாமே?” என்று கேட்டான்.

“ஒரு தடவை பெத்த பிள்ளையைத் திரும்பப் பெக்க முடியுமா தம்பி?” என்றார் அவர். “அந்த மனநிலை வரணும். எட்டாம் பாகத்துக்குள்ள வரலாம்.”

அதைக் கொழுந்தனாலேயே நம்ப முடியவில்லை. அண்ணி மட்டும் ரொம்பப் பரிதாபப்பட்ட முகத்தோடு தலையை ஆட்டினாள். அவள் பரிதாபப்பட்டால் எதிரில் இருப்பவர் வக்கீலைக் கூப்பிடுவது நல்லது என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“உள்ளே என்ன இருக்குன்னு நான் கேக்கல சார். அது உங்க சொத்து. சும்மா ஒரு ஆசைக்குக் கேக்கறேன். அந்தக் கதவு எப்படித் திறக்கும்? இழுக்கணுமா, தள்ளணுமா?”

“தள்ளணும்” என்றார் கதாசிரியர், சட்டென்று. கைகளால் காற்றைத் தள்ளியும் காட்டினார். “மெதுவா உள்பக்கமாத் திறக்கும். ஆட்டக்காரன் முதல் தடவையா உள்ளே காலை வைப்பான். அந்தக் காட்சி என் கண்ணுக்குள்ளயே இருக்கு.”

“இந்தப் பொம்மை நீங்க பார்த்து ஓகே பண்ணதுதானா?” அண்ணி கொழுந்தனின் சாவிக் கொத்தை நீட்டினாள்.

“நான் பார்க்காம இந்தக் கம்பெனியில கதவு சம்பந்தமா ஒரு ஆணி கூட வெளியே போகாது” என்றார் அவர், பெருமையாக.

*

டெஸ்டர்கள் உட்காரும் அறையில் பழைய பாகங்கள் எல்லாம் இருந்தன. அண்ணிக்கு விளையாடத் தெரியாது. கொழுந்தனைத் திரைமுன் உட்கார வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக வேலை நேரத்தில் விளையாடச் சொல்லிக் கட்டளை வந்ததில் அவனுக்குக் கை ஓடவில்லை.

முதல் பாகம். மாளிகை. கூடம். மாடிப்படி. படிக்குக் கீழே நீலக் கதவு.

“கிட்டப் போ. இன்னும் கிட்ட. மூக்கு இடிக்கிற மாதிரி நில்லு.”

நின்றான். அண்ணி திரையை ரொம்ப நேரம் பார்த்தாள். “இந்த வலது ஓரத்துல பளபளன்னு மூணு இருக்கே, அது என்ன?”

“கீல், அண்ணி.”

“பிடி எங்கே இருக்கு?”

“அதுவும் வலது ஓரத்துல.”

“கீலும் பிடியும் ஒரே பக்கத்துல இருந்தா எந்தக் கதவாவது திறக்குமா?”

கொழுந்தன் கொட்டாவி விட்டான். “இதைக் கேக்கவா இவ்வளவு கிட்ட வரச் சொன்னீங்க? இது எங்களுக்கு ரெண்டாம் பாகத்துலேயே தெரியும். இதுதான் பெரிய துப்பு. இது சாதாரணக் கதவு இல்ல, மேல்நோக்கித் திறக்கும்னு ஒரு கட்சி. இல்ல, தரைக்குள்ள இறங்கும்னு ஒரு கட்சி. நான் மேல் கட்சி.”

“மூணாவது கட்சி இல்லையா? எவனோ தப்பா வரைஞ்சுட்டான்னு?”

“சேச்சே.”

அண்ணி சாவிக் கொத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். பொம்மைக் கதவுக்குக் கீல் வலது பக்கம். பிடி இடது பக்கம். கொழுந்தன் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி பொம்மையைப் பார்த்தான். அத்தனை நாள் சட்டைப் பையில் கிடந்த பொருள், இப்போதுதான் கண்ணில் பட்டது.

“பொம்மை செய்யறவன் கட்சிக்காரன் இல்ல தம்பி. அவனுக்குக் கதவு திறக்கணும், குழந்தை கையில உடையாம இருக்கணும், அவ்வளவுதான். அதனால பிடியை எடுத்து அந்தப் பக்கம் மாட்டிட்டான். மேல்நோக்கித் திறக்கிற கதவுன்னா உங்க மகான் அப்பவே குதிச்சிருக்கணுமே? ‘ஐயோ, என் ரகசியமே அந்தப் பிடியிலதான் இருக்கு’ன்னு கத்தியிருக்கணும். கத்தல. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார். சரி, கீல் எந்தப் பக்கம் தெரியுது? நம்ம பக்கம். கீல் நம்ம பக்கம் தெரிஞ்சா கதவு நம்ம பக்கமா வரும். உன் பொம்மை கூட இழுத்தாத்தான் திறக்குது. அவர் என்ன சொன்னார்?”

“தள்ளணும்னார்.”

“அவர் கதவைத் தள்ளணும். பொம்மைக் கதவை இழுக்கணும். கேம்ல இருக்கிற கதவு எப்படியும் திறக்காது. இத்தனை வருஷமா அந்த ஒரு கதவையே காவல் காத்த மனுஷன், அது எப்படி இருக்கும்னு ஒரு தடவை கூட நின்னு பார்த்ததில்ல. உள்ளே வைர மாலை இருந்தா பெட்டியை இப்படியா மறப்பாங்க?”

கொழுந்தனுக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது. “அண்ணி, சொல்லாதீங்க.”

“உள்ளே ஒண்ணும் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. பென் டிரைவும் இல்ல. இல்லாத பொருளை யாரும் திருட முடியாது, தொலைக்க மட்டும்தான் முடியும். விளம்பரம் வந்ததும் மனுஷன் தொலைச்சுட்டார்.”

திரையில் நீலக் கதவு அப்படியே நின்றது. காதலித்த பெண் வீட்டு வாசலில் வருஷக்கணக்காக நின்றுவிட்டு, அந்த வீட்டில் பெண்ணே கிடையாது என்று கேள்விப்பட்டவன் போல உட்கார்ந்திருந்தான் அவன். அண்ணி அவன் தோளைத் தட்டினாள்.

“எழுந்திரு. உனக்கு மனசு போச்சு, பாவம். அங்கே ஒருத்திக்கு மானம் போகப் போகுது.”

*

முதலாளி அறையில் அண்ணி எல்லோரையும் கூட்டினாள். டெஸ்டர் பெண்ணும் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் காவலாளியோடு வரவழைத்தாள். பிறகு கீல், பிடி, பொம்மை என்று ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள். கடைசி வார்த்தை விழுவதற்குள் கதாசிரியர் உட்கார்ந்துவிட்டார். மறுக்கவில்லை. பல வருஷமாக மூச்சை அடக்கியவர் விடுவது போல ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது.

“முதல் பாகம் பண்றப்போ நான் கதாசிரியர் இல்ல, கேம்ல வர்ற சுவருக்கு வர்ணம் தீட்டுற ஆள்” என்றார். “மாடிப்படிக்குக் கீழே ரெண்டு சுவர் சரியா ஒட்டல. நடுவுல விரிசல் தெரிஞ்சது. மறுநாள் கேம் வெளியாகணும். வேற அறையிலேருந்து ஒரு கதவைத் தூக்கி விரிசல் மேல ஒட்டினேன். பிடி தனியா வந்துச்சு, அவசரத்துல கீல் பக்கமே ஒட்டிட்டேன். அடுத்த பாகத்துக்கு முந்தின பாகத்து மாளிகையை அப்படியே நகல் எடுப்போம், அதுக்கடுத்த பாகத்துக்கு அதை. எல்லாத்துலயும் கதவும் கூடவே வந்துச்சு. ரசிகர்கள் எழுத ஆரம்பிச்சாங்க. முதலாளி ஓடி வந்து, ‘உள்ளே என்னய்யா?’ன்னார். நான் பயத்துல ‘சஸ்பென்ஸ்’னு சொன்னேன். அன்னிக்கே பதவி உயர்வு.”

“வெறுங்கையால முழம் போட்டிருக்கீங்க, அதுவும் ஆறு முழம்” என்றான் கொழுந்தன். அவன் குரலில் கேலியைவிட வலி அதிகம் இருந்தது.

டெஸ்டர் பெண் கதாசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என் பேரை ஏன் சார் சொன்னீங்க?”

“நான் சொல்லலம்மா. கேமராவைப் பார்த்துட்டு முதலாளி சொன்னார். நான்... மறுக்கல.”

“உங்களுக்குத்தான் கேக் வெச்சேன்” என்றாள் அவள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. கதாசிரியருக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போது முதலாளி வெடிப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் எழுந்தார். ஜன்னல் வரை நடந்தார். திரும்பினார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

“ஒண்ணுமே இல்லையா? அருமை! அப்போ ரகசியத்தை யாராலயும் எப்பவும் வெளியே விட முடியாதே! யோவ், நீர் கதாசிரியர் இல்ல, மேதை!” போனை எடுத்து ஆட்டினார். “காலையில திருட்டுன்னு சேதி போனதிலேருந்து முன்பதிவு எகிறுதய்யா. ஏழாம் பாகத்துல கதவைத் திறக்க வேணாம். ‘ரகசியம் திருடப்பட்டது’ன்னே ஆரம்பிப்போம். எட்டுல தேடுவோம். ஒன்பதுல கிட்டத்தட்டக் கண்டுபிடிப்போம்.” பிறகு டெஸ்டர் பெண்ணின் பக்கம் திரும்பிக் குரலைத் தேனாக்கினார். “என்ன, திருட்டுன்னு ஊர் நம்பினாத்தான் கதை நிக்கும். ஊர் நம்பணும்னா திருடின்னு ஒருத்தி வேணும். கொஞ்ச காலம் கேஸ் நடக்கட்டும், அப்புறம் வாபஸ் வாங்கிக்கறேன். உன்னை நான் கைவிட்டுடுவேனாம்மா?”

உண்மை வெளியே வந்த பிறகும் தப்பிக்க வழியில்லை என்பதை அவள் எதிர்பார்க்கவில்லை. கொழுந்தனும் எதிர்பார்க்கவில்லை. அவனுக்கு அந்த மனிதரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது.

அண்ணி மட்டும் நிதானமாகக் கைப்பையை மூடினாள். “தாராளமா புகார் கொடுங்க சார். போலீஸ்ல முதல் கேள்வி என்ன கேப்பாங்க தெரியுமா? காணாமப் போனது என்ன? பென் டிரைவ். அதுல என்ன இருந்துச்சு? நீங்க சொல்லித்தான் ஆகணும். அப்புறம் கோர்ட். இவங்க வக்கீல் உங்க மேதையைக் கூண்டுல ஏத்தி, ‘கதவுக்குப் பின்னால என்ன?’ன்னு கேப்பார். பத்திரிகைக்காரங்க முன் வரிசையில இருப்பாங்க. இழுக்கணுமா தள்ளணுமாங்கற கேள்விக்கே இவர் தப்பாச் சொன்னவர். சத்தியம் பண்ணிட்டு எவ்வளவு நேரம் தாங்குவார்? அதுக்கப்புறம் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. எனக்கும் வாய் நிக்காது சார்.”

முதலாளி மெதுவாக உட்கார்ந்தார். எட்டு, ஒன்பது, பத்து என்று வரிசையாக நின்ற பாகங்கள் எல்லாம் அவர் கண்முன்னே சரிந்து விழுந்திருக்க வேண்டும்.

“என்ன வேணும்?” என்றார்.

பதில் டெஸ்டர் பெண்ணிடமிருந்து வந்தது. “புகார் கிடையாது. கீழே ஹால்ல, எல்லார் காதுலயும் விழுற மாதிரி, நான் திருடலைன்னு நீங்களே சொல்லணும். இப்பவே. எனக்குப் பொண்ணைக் கூப்பிடப் போகணும்.”

*

ஹால் நிரம்பி வழிந்தது. முதலாளி ஒலிபெருக்கிமுன் நின்று, மாத்திரை விழுங்குபவர் போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். எதுவும் திருட்டுப் போகவில்லை. டெஸ்டர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவசரப்பட்டுச் சந்தேகப்பட்டதற்கு எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். மேடை ஓரத்தில் அவள் தலை நிமிர்ந்து நின்றாள். அவள் தோள்கள் கொஞ்சம் இறங்கியதைக் கொழுந்தன் பார்த்தான். அவன் கண் கலங்கியது. தூசி என்று அண்ணியிடம் சொன்னான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முன் வரிசையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் எழுந்தார். “மேடம், நீங்கதான் அந்த ரூமுக்குள்ள போனவங்க. உண்மையைச் சொல்லுங்க. கதவுக்குப் பின்னால என்ன இருக்கு?”

முதலாளி கையை நீட்டுவதற்குள் அவள் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தப்பைக் கண்டால் சொல்லிவிடுவது அவள் தொழில்.

“ஒண்ணும் இல்லைங்க. அது கதவே இல்ல. சுவர்ல ஒரு விரிசல் இருந்துச்சு. அதை மறைக்கக் கதவுப் படத்தை ஒட்டியிருக்காங்க. பிடியைக் கூட மாத்தி ஒட்டிட்டாங்க. பின்னால இருக்கிறது வெறும் சுவர்.”

முதலாளி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “எந்தச் சுவர்?”

“விரிசல்னா, மூணாம் பாகத்துப் படுக்கையறையில ஒரு விரிசல் இருக்கே, அதோட சேர்ந்ததா?”

“டேய், அவங்களை இப்படிச் சொல்லச் சொல்லியிருக்காங்கடா! கண்ணைப் பாரு!”

“சுவருக்குப் பின்னால என்ன மேடம்? அதைச் சொல்லுங்க!”

கூட்டம் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தது. முதலாளி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். பிறகு மற்றதையும் திறந்தார். ஒலிபெருக்கியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “அதை இன்னிக்கு நான் சொல்ல முடியாது” என்றார். ஹால் அதிர்ந்தது.

டெஸ்டர் பெண் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேடைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

“காலையில ஒரு ஆள் என்னைத் திருடின்னு சொன்னார். ஆதாரம் கேக்காம இந்தக் கட்டடமே நம்பிச்சு. இப்போ நானே நின்னு சுவர்னு சொல்றேன். ஒருத்தர் கூட நம்பலையே?”

“உங்களைத் திருடின்னு நம்புறதுல அவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லம்மா” என்றாள் அண்ணி. “சுவர்னு நம்பணும்னா, ஆறு பாகம் வாங்கி ஏமாந்தது தான்தான்னு ஒவ்வொருத்தரும் ஒத்துக்கணும்.”

அவள் ஒரு கணம் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, பள்ளி மணி அடிப்பதற்குள் சாலையைக் கடக்க ஓடினாள்.